கோடையின் கடைசிக் கூடை

மலிந்து கிடக்கும் ஏழு வாரங்களை நம் வீட்டு அடுப்பு ஏன் தவறவிடக் கூடாது?

வைகாசி பாதியில் கத்திரி வெயில் முடிந்துவிடுகிறது என்று பஞ்சாங்கம் சொல்கிறது. சந்தை அப்படிச் சொல்வதில்லை. அன்றிலிருந்து ஆனி கடைசி வரை, ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு, கோடை தன்னிடம் மிச்சமிருப்பதையெல்லாம் கொண்டுவந்து கொட்டுகிறது. பங்கனப்பள்ளியும் இமாம்பசந்தும் ஓய்ந்த பிறகு நீலம் வண்டி வண்டியாக இறங்குகிறது. பண்ருட்டிச் சாலையோரங்களில் பலா குன்றுபோல் குவிகிறது. நுங்கு முற்றத் தொடங்குகிறது, நாவல் கறுக்கத் தொடங்குகிறது. கொத்தவரை, சுண்டைக்காய், வெள்ளரி, கத்தரி, பச்சை மிளகாய் என்று கூடைகள் நிறைகின்றன. வாங்குகிறவரின் கை தாராளமாகும் இதே வாரங்களில்தான் விளைவித்தவரின் வயிறு கலங்குகிறது. இந்த இருவருக்கும் நடுவில் நிற்பது வீட்டு அடுப்பு. இந்தக் காய்கனிகளைக் கையாளும் வழி அங்கே தெரிந்திருந்தால் மிகுதி உணவாகிறது, தெரியாவிட்டால் குப்பையாகிறது. கோடை முடிவின் சமையலைப் பாட்டியின் நினைவோடும் மொட்டை மாடியின் நினைவோடும் சேர்த்துப் பேசுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தச் சமையல் கணக்கில் சேர்க்க வேண்டிய வீட்டுப் பொருளாதாரம், கற்றுக்கொள்ள வேண்டிய அறிவு. அப்படிப் பார்த்தால்தான் அதைக் காப்பாற்றவும் முடியும்.

விளைந்ததில் எவ்வளவு நம் வாய்க்கு வருவதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப்பின் தொழில்நுட்ப நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவடையிலும் அதற்குப் பிறகும் வீணாகும் அளவு தக்காளியில் 12.44 சதவீதம், மாம்பழத்தில் 9.16 சதவீதம். எட்டுக் கிலோ தக்காளி விளைந்தால் ஒரு கிலோ போய்விடுகிறது. இந்த இழப்பின் மறுபக்கம் விலைச் சரிவு. 2023 ஏப்ரல், மே மாதங்களில் தக்காளி விலை விழுந்ததால் பல விவசாயிகள் பறிகூலிகூடக் கட்டாது என்று பயிரைக் கைவிட்டார்கள். ஜூலையில் அதே தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. 2025 கோடையில் மாம்பழம் அடிவாங்கியது. கூழ் ஆலைகளை நம்பி வளர்க்கப்படும் தோத்தாபுரி, அதாவது நம் கிளிமூக்கு மாங்காய், கேட்பாரில்லாமல் விலை சரிந்தது. கர்நாடக விவசாயிகளுக்காகக் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று விலை வைத்து, 2.5 லட்சம் டன் வரை விலை வித்தியாசத்தைத் தர மத்திய அரசு ஒப்புக்கொண்டது. கிலோவுக்கு 16 ரூபாய் கிடைப்பதற்கே அரசு இறங்கிவர வேண்டியிருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி. மலிவும் பஞ்சமும் இரண்டு தனிக் கதைகள் அல்ல. மே மாதத்தில் எறியப்பட்டதுதான் ஜூலையில் கிடைக்காமல் போகிறது.

குளிர்பதனக் கிடங்குகளும் பதப்படுத்தும் ஆலைகளும் பெருகினால் இது தீரும் என்பார்கள். அவை வேண்டும்தான், இன்னும் நிறையவே வேண்டும். ஆனால் ஆலைக்கு ஒரே மாதிரியான ரகம் வேண்டும். கன்னிப்போன பழத்தையும் கோணலான காயையும் அது ஒதுக்கிவிடும். வீட்டு அடுப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரு பக்கம் அடிபட்ட மாம்பழத்தின் மறுபக்கத்தை அரிந்து குழம்பில் போட எந்த இயந்திரத்தாலும் ஆகாது, ஒரு கத்தியால் ஆகும். இந்த அடுப்புதான் இப்போது கைநழுவிக்கொண்டிருக்கிறது. 2022-23-ஆம் ஆண்டின் தேசியக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், நகர்ப்புறக் குடும்பங்களின் மொத்தச் செலவில் 10.64 சதவீதம் பானங்களுக்கும் சிற்றுண்டிகளுக்கும் பதப்படுத்திய உணவுக்கும் போகிறது. காய்கறிக்குப் போவது 3.80 சதவீதம், பழங்களுக்கு 3.81. இரண்டையும் கூட்டினாலும் முதல் கணக்கை எட்டவில்லை. மாம்பழம் தெருவில் மலிந்து கிடக்கும்போதே மாம்பழச்சாறு என்ற பெயரில் சர்க்கரைத் தண்ணீரைப் புட்டியில் வாங்குகிறோம். ஆசை குறைந்துவிடவில்லை. கிலோ கணக்கில் பழம் வீட்டுக்கு வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்கிற அறிவு குறைந்துவிட்டது.

நீலத்தின் நியாயம்

அந்த அறிவு எப்படிப்பட்டது என்பதற்கு நீலம் மாம்பழமே நல்ல சாட்சி. அல்போன்சாவுக்கும் இமாம்பசந்துக்கும் கிடைக்கும் மரியாதை இதற்குக் கிடைப்பதில்லை. சிறிய பழம், கடைசியில் வருவது, விலையும் குறைவு. ஆனால் வட இந்தியா கொண்டாடும் ஆம்ரபாலி, மல்லிகா என்ற இரண்டு ரகங்களும் தசேரியோடு நீலத்தைக் கலந்து உருவாக்கிய கலப்பினங்கள். நீலத்தைப் பற்றிய பெரிய பயம் கொட்டைக்குள் இருக்கும் வண்டு. பழத்தை அறுத்ததும் கறுப்பு வண்டு ஒன்று நடந்து வந்தால் கூடையையே கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்த வண்டு பழம் அழுகியதால் வந்ததன்று. மா பிஞ்சாக இருக்கும்போதே தாய்வண்டு தோலில் முட்டையிடுகிறது. புழு சதையைத் துளைத்துக்கொண்டு கொட்டைக்குள் போய்விடுகிறது. அது போன வழி பழம் வளர வளர மூடிக்கொள்கிறது. கொட்டையை எறிந்துவிட்டால் பெரும்பாலும் சதைக்கு ஒரு குறையும் இருப்பதில்லை. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் எத்தனையோ கூடைகள் தப்பும்.

நீலத்தைத் தின்பதோடு நிறுத்துவது அதன் பாதிப் பயனைத்தான் காண்பது. தோல் சுருங்கி, தொட்டால் குழையும் பழம் இலையில் துண்டாக வைக்க அழகில்லாமல் இருக்கலாம். மோர்க்குழம்புக்கு அதைவிடத் தோதான பழம் கிடையாது. தோலை உரித்து, முழுப் பழத்தை அப்படியே மஞ்சள்தூள், உப்பு, கீறிய மிளகாயோடு கொஞ்சம் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்து ஒரு கொதி வந்தபின் நெருப்பைத் தணித்து, கடைந்த புளித்த மோரை ஊற்ற வேண்டும். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் மோர் திரிந்துபோகும். தேங்காய் எண்ணெயில் கடுகு, வெந்தயம், வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் இனிப்பும் புளிப்பும் உறைப்பும் லேசான கசப்பும் ஒரே கரண்டியில் வந்துவிடுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் புளிசேரி என்ற பெயரில் இதைச் செய்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது அந்தச் சமையலின் தர்க்கம். அளவுக்கு மீறிக் கனிந்தது என்று எதை ஒதுக்குவோமோ, அதையே வேண்டிக் கேட்கும் ஒரு குழம்பை நம் முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். பிஞ்சுக்கு மாவடு, காய்க்குப் பச்சடி, முற்றிய காய்க்கு ஊறுகாயும் மாங்காய் வற்றலும், கனிந்ததற்குச் சாறு, மிகக் கனிந்ததற்கு மோர்க்குழம்பு. மாமரத்தின் எந்த நிலையையும் வீணாக்காத வரிசை இது.

ஒரு பலா, நாலு சமையல்

பலா இந்தத் தர்க்கத்தை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பழம் அது. ஆனாலும் தட்டில் வைத்து விற்கும் சுளையாக மட்டுமே நகரம் அதை அறிந்திருக்கிறது. ஒரு பழத்தின் எடையில் சுளை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். சுளையோடு கணக்கை முடித்துக்கொள்கிறவர் கொடுத்த காசில் பெரும்பகுதியைக் குப்பைக்குக் கொடுத்துவிடுகிறார். கொட்டையில் மாவுச்சத்தும் புரதமும் இருக்கின்றன. பச்சையாகத் தின்றால் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்றும் அதில் உண்டு. வேகவைத்தால் அது அழிந்துவிடும். வெள்ளைத் தோலை உரித்து, நசுக்கி, குக்கரில் இரண்டு மூன்று விசில் விட்டால் போதும். முருங்கைக்கீரையோடு பொரியல் ஆகும், மாங்காயும் கத்தரிக்காயும் சேர்ந்த சாம்பாருக்கு உடல் கொடுக்கும், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் உருளைக்கிழங்கின் இடத்தை அதைவிட நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கொட்டைகளைக் கழுவி நிழலில் உலர்த்தி, செம்மண் பூசி வைத்து மாதக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறார்கள். பழுக்காத பலாவோ காய்கறியாகவே சமைக்கத் தக்கது; மசாலாவோடு சேரும்போது இறைச்சியைப் போல நார்நாராக நிற்கும். கையிலும் அரிவாள்மணையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. இவ்வளவு எளிய ஒரு செய்தி கைமாறாமல் போனதால்தான் முழுப் பலாவை வீட்டுக்குக் கொண்டுவர இன்று பலரும் தயங்குகிறார்கள்.

வெயிலை டப்பாவில் அடைப்பது

சமைத்துத் தீர்ப்பது ஒரு பாதி. சேர்த்து வைப்பது மறு பாதி. வற்றல் என்பது வறுமைக்குக் கண்ட வழி என்று நினைப்பது தவறு. அது நுட்பமான விஞ்ஞானம். காய்கறியில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு நீர்தான். அந்த நீர்தான் கிருமிகளும் பூஞ்சையும் வாழும் இடம். உப்பு அந்த நீரை வெளியே இழுக்கிறது, மோரின் புளிப்பு கிருமிகளை அடக்குகிறது, வெயில் மிச்ச ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. மோர் மிளகாய் செய்யும் முறையைப் பாருங்கள். இரவெல்லாம் உப்பிட்ட மோரில் ஊறல், பகலெல்லாம் வெயிலில் காய்ச்சல், மாலையில் மீண்டும் அதே மோருக்குள். நாலைந்து நாளில் மோர் முழுவதும் மிளகாய்க்குள் ஏறிவிடுகிறது. கொத்தவரங்காயை உப்பு போட்டு அரை வேக்காடாக எடுத்த பிறகே காயவைக்கிறோம். அந்த அரை வேக்காடு காய்க்குள் இருக்கும் நொதிகளை நிறுத்தி நிறமும் மணமும் கெடாமல் காக்கிறது. உறைபதன ஆலைகள் இதே வேலையைக் கொதிநீராலும் நீராவியாலும் செய்கின்றன. காலக் கெடுவும் உண்டு. ஆடி பிறந்தால் மேகமும் ஈரக்காற்றும் வந்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது வற்றல் எம்மாத்திரம்? அதனால்தான் வைகாசிக்கும் ஆனிக்கும் இவ்வளவு அவசரம். இந்த வாரங்களில் காய்ந்ததுதான் ஐப்பசி மழையில் காய்கறி விலை ஏறும்போது வற்றல் குழம்பாக வந்து நிற்கிறது.

தக்காளித் தொக்கு இந்தக் கணக்கை ரூபாயிலேயே காட்டிவிடும். வைகாசியில் மலிவாக விற்கும் தக்காளியில் நாலு கிலோ வாங்கினால், சுண்டச் சுண்ட அது ஒரு கிலோ தொக்காகிவிடும். கொஞ்சம் புளி, உப்பு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், மேலே மிதக்கும் அளவுக்கு நல்லெண்ணெய். இதில் புளி ருசிக்காக மட்டும் சேர்வதன்று. தக்காளியின் புளிப்பு ரகத்துக்கு ரகம் மாறும் என்பதால் கெடாமல் காக்கும் அளவுக்கு அதைக் கூட்டித் தருகிறது. தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைக்கோபீன் என்ற சத்து, எண்ணெயோடு சேர்ந்து வெந்தபின் உடலில் இன்னும் நன்றாகச் சேர்கிறது. வைட்டமின் சி குறையும் என்பது உண்மை. அதற்குப் பச்சையாகத் தின்னும் மாங்காய்த் துண்டும் நெல்லிக்காயும் இருக்கின்றன. ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், 2023 ஜூலை போன்ற ஒரு மாதத்தில் ஒரு கரண்டித் தொக்கு ஒரு ரசத்துக்கும் ஒரு குழம்புக்கும் தக்காளியாக நின்றுவிடும்.

மறுத்துச் சொல்பவர்களுக்கு

எதிர்வாதங்கள் இருக்கின்றன, சில கனமானவை. எல்லாம்தான் ஆண்டு முழுவதும் கிடைக்கிறதே, காலம் பார்த்துச் சமைப்பது எதற்கு என்பது முதலாவது. கிடைக்கிறது என்பது உண்மை. அதே விலையில், அதே ருசியில் கிடைக்கிறதா என்பதே கேள்வி. பருவத்துக்கு முன்னால் சந்தைக்கு வரும் மாம்பழத்தில்தான் கால்சியம் கார்பைடு புகுந்து விளையாடுகிறது. 2011-இன் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. எத்திலீன் வாயுவை மட்டும் குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதித்திருக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் அதிகாரிகள் கிடங்குகளைச் சோதித்துப் பழங்களைப் பறிமுதல் செய்யும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. மரத்திலேயே முற்றி, வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ தானாகப் பழுக்கும் பழத்துக்கு இந்த வேலை தேவைப்படாது. தன் காலத்தில் வாங்குவதே மலிவான பாதுகாப்பு.

இரண்டாவது எதிர்வாதம் எல்லாவற்றிலும் கனமானது. இந்த வற்றலும் வடகமும் தொக்கும் யாருடைய முதுகில் ஏறின? பெண்களுடைய முதுகில்தான். 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். இந்த நிலையில் வைகாசி வெயிலில் வற்றல் போடச் சொல்வது, ஏற்கெனவே சுமக்கிறவர் தலையில் இன்னொரு கூடையை ஏற்றுவதாகாதா? ஆகும், அந்தக் கணக்கு மாறாமல் இருந்தால். எனவே நான் சொல்வதில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. நாலு கிலோ தக்காளியை அரிவதும், பலாவை வெட்டி உரிப்பதும், மிளகாயைக் காலையில் பரப்பி மாலையில் அள்ளுவதும் வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் பழக எளிதான வேலைகள். அன்றாடச் சமையலைப் போல மூன்று வேளையும் கழுத்தைப் பிடிப்பவையும் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடிந்துவிடுபவை. அம்மாவின் கைமணத்தைப் புகழ்கிறவர் முதலில் அரிவாள்மணையில் உட்காரட்டும். அந்த வேலையைப் பங்கிடாமல் அந்த ருசியைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. சுமை அநியாயமாகப் பங்கிடப்பட்டது என்பதற்காக அறிவையே கைவிட்டால் இழப்பு இரட்டிப்பாகும். பங்கீட்டைத் திருத்துவதே சரியான வழி.

அடுக்குமாடி வீட்டில் மாடி ஏது, வெயில் ஏது என்பது மூன்றாவது. நாலு மணி நேரம் வெயில் விழும் பால்கனி ஒன்று இருந்தால் அரைக் கிலோ மிளகாய்க்கு அது போதும். மேலே நைலான் வலை ஒன்றைப் போர்த்தினால் தூசியும் பறவையும் அண்டாது. அடுக்ககங்களின் பொது மாடிகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. குடியிருப்போர் சங்கங்கள் கோடையில் இரண்டு மாதம் அவற்றைத் திறந்துவிட்டால் இந்தக் குறை பாதி தீரும். வெயிலே இல்லாதவருக்கும் மோர்க்குழம்பும் பலாக்கொட்டைப் பொரியலும் தொக்கும் தடையில்லை. நான்காவது, உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வற்றலையும் ஊறுகாயையும் தட்டில் குவித்தால் அந்த எல்லை ஒரே வேளையில் தாண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒதுங்கியே இருக்க வேண்டும். மற்றவர்கள் வற்றலை வெந்நீரில் ஒருமுறை அலசி, குழம்பில் தனி உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டில் செய்ததில் எவ்வளவு உப்பு போட்டோம் என்பது நமக்குத் தெரியும். குறைக்கும் கையும் நம்முடையதே.

ஒரு குடும்பம் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கினால் விவசாயிக்கு என்ன வந்துவிடப் போகிறது என்பது கடைசிக் கேள்வி. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 2.2 கோடி குடும்ப அட்டைகள் இருக்கின்றன. அட்டைக்கு ஒரு கிலோ தக்காளி கூடுதலாகப் போனால் 22,000 டன். விலை விழும் வாரங்களில் அது அற்ப அளவன்று. அந்தக் காசு இடைத்தரகரிடமே நின்றுவிடும் என்ற கவலையும் நியாயமானது. அதற்கும் நம்மிடம் ஒரு வழி இருக்கிறது. 1999 நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதே, விளைவித்தவர் தானே விற்பதற்காகத்தான். காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து அங்கே போகிறவரின் பணம் நேராக விவசாயி கைக்குப் போகிறது. வீட்டுச் சமையல் மட்டுமே வேளாண் சந்தையைத் திருத்திவிடாது. ஆதரவு விலையும் கிடங்கும் ஆலையும் அரசின் பொறுப்பாகவே இருக்கின்றன. ஆனால் அரசு செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொண்டே நாம் செய்யக்கூடியதைச் செய்வதில் முரண்பாடு ஒன்றுமில்லை.

ஆனி முடிய இன்னும் நாள் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்குப் போய் நாலு கிலோ தக்காளியும், யாரும் தொடாத கனிந்த நீலமும், கொட்டையோடு கூடிய பலாச்சுளையும் வாங்கி வாருங்கள். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து அரியுங்கள். செய்முறை தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, உப்பு எவ்வளவு, வெயில் எத்தனை நாள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தக்காளி அடுத்த வைகாசியிலும் வரும். அந்த அளவு தெரிந்தவர் அன்றைக்கும் பக்கத்தில் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.